மாமன் மடி

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒருத்தி அந்தப் பழைய போட்டோவைப் போட்டாள். ஐந்தாம் வகுப்பு. வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, நடுவில் டீச்சர், சுற்றிலும் நாம். போட்ட கையோடு ஒரு கேள்வி வந்தது: "ரெண்டாவது வரிசையில ஓரமா நிக்கிறது யாரு, பையனா?" அதற்கு ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மைகளை அனுப்பி வைத்தீர்கள்.

பையன் இல்லை தாயே, நான்தான். தலையில் ரிப்பன் இருக்கிறது, நெற்றியில் சாந்துப்பொட்டு இருக்கிறது, பாவாடை சட்டைதான் போட்டிருக்கிறேன். காதில் மட்டும் ஒன்றும் கிடையாது. அங்கே நிற்கிற அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பொட்டுக்கம்மலாவது இருக்கிறது, எனக்கு ஓட்டையே இல்லை. பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிற உங்களுக்கே அது முதலில் தெரிகிறதென்றால், அந்த வயசில் எப்படித் தெரிந்திருக்கும். என்னை 'மூளிக்காது' என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறீர்கள். பேரைச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் எனக்கு ஏன் அந்த வயசு வரைக்கும் காது குத்தவில்லை என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறக்கக்கூடிய ஆள் இல்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளில், சேலைக்கு மேல் எங்கள் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். முடியைக் கழுத்தோடு கத்தரித்துவிட்டிருப்பாள். கோலி விளையாட்டில் தெருப் பையன்களை அழவைத்துக் கோலியை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். கம்பெனி பஸ் அவளைத் தாண்டிப் போனால் விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு சீட்டி அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவளுடைய அய்யா, ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு, அவளையே ஆண்பிள்ளையாக வளர்த்துவிட்டார். கமலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது, மரம் ஏறுவது, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது எல்லாம் அவளுக்குப் படிந்துபோனது. அப்படி வளர்ந்தவளுக்கு நான் வந்து பிறந்தேன்.

நான் எப்படி? வளையல்காரர் குரல் தெருமுனையில் கேட்டால் சோற்றுத்தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவள். அப்பா சிவகாசியில் அச்சாபீசில் கட்டிங் மிஷினில் இருந்தார். வெட்டியதுபோக மிச்சமான பட்டாசு லேபிள்களை எனக்காக மடித்துக் கொண்டுவருவார். அந்த லேபிள்களில் இருக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ரோஸ் கன்னமும், கழுத்து நிறைய நகையும், காதில் குடை குடையாக ஜிமிக்கியுமாகச் சிரிப்பார்கள். அந்த ஜிமிக்கிகளை மட்டும் தனியே கத்தரித்து, நூலில் கட்டி, காதுமடலில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் தலையை ஆட்டுவேன். புது மசி வாசனை காதோரம் வந்துகொண்டே இருக்கும். வேர்வை பட்டால் சாயம் கழுத்தில் இறங்கிவிடும்.

அம்மா பார்த்தால் போச்சு.

"ஏலே, என்ன மினுக்கு இது? போ, கொடியில கிடக்கிற துணிய எடு."

கவனித்தீர்களா, "ஏலே". உங்கள் அம்மாமார் எல்லாம் உங்களை "ஏட்டி" என்றும் "தாயி" என்றும் கூப்பிட, எங்கம்மா என்னை நடுத்தெருவில் "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். கொலுசு கேட்டால் பம்பரம் வரும். நகப்பாலிஷ் கேட்டால் கோலிக்குண்டு வரும். நைலான் பாவாடை என்று வாயைத் திறந்தாலே கம்பெனி ரூல் வரும்.

பட்டாசுக் கம்பெனியில் வாசலிலேயே சோதிப்பார்கள், உங்களில் சிலருக்குத் தெரிந்ததுதான். வளையல் ஆகாது, கொலுசு ஆகாது, கொண்டை ஊசி ஆகாது, உரசினால் பொறி. நைலான், பாலியெஸ்டர் ஆகாது, பருத்திதான் உடுத்த வேண்டும். மற்ற பெண்களுக்கு அது பெரிய தொந்தரவு. வாசலில் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு, சாயங்காலம் வெளியே வந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொள்வார்கள். எங்கம்மாவுக்கோ அது வெல்லக்கட்டி. அந்த ரூலை அப்படியே சுருட்டிக்கொண்டுவந்து வீட்டிலும் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் மருந்தும் இல்லை, திரியும் இல்லை. அடுப்பங்கரையில் நான் ரெண்டு கண்ணாடி வளையல் போட்டால் என்ன வெடித்துவிடும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இதில் எனக்கு ஆத்திரமே எதில் தெரியுமா? அவள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். அலுமினியத் தூள் விரலெல்லாம் ஏறி, சாயங்காலம் வரும்போது பத்து நகமும் வெள்ளி முலாம் பூசினமாதிரி மின்னும். ஊரிலேயே அழகான நகம் அவளுக்குத்தான். கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல்பொடியும் தேங்காய் நாருமாக அதைத் தேய்த்துத் தேய்த்துப் போக்குவாள். நான் பக்கத்தில் நின்று, "ஒரு விரலை மட்டும் விட்டுவைம்மா" என்று கெஞ்சுவேன். ஒருநாளும் விட்டதில்லை.

காது விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். அம்மாவுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், "என் பேத்திய நானே மடியில வச்சுக்கிடுதேன்" என்று அவளுடைய அய்யா சொல்லியிருந்தாராம். எனக்கு ஒரு வயசு திகைவதற்குள் அவர் இறந்துபோனார். அவருக்குக் கொள்ளி வைக்க அம்மா முன்னே போயிருக்கிறாள். பொம்பளை கொள்ளிச்சட்டி தூக்கக் கூடாது என்று அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவளுடைய பெரியப்பா மகனைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார்கள். உயிரோடு இருந்தமட்டும் அவளை மகன் மகன் என்று சொன்னவர், போகும்போது வேறொருவர் கையில் இருந்த சட்டியோடு போனார். அய்யாவின் கரிசக்காடும் கொள்ளி வைத்தவருக்கே போயிற்று. காட்டைப் பற்றி அம்மா பேசிக் கேட்டதில்லை. கொள்ளியைப் பற்றியும் பேசமாட்டாள், ஆனால் அந்தப் பெரியப்பா மகன், அதாவது பெரிய வீட்டு மாமா, எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போவாள்.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அப்பா வாயிலிருந்து துண்டு துண்டாக வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊரில் எல்லாருக்கும் காதுகுத்துக்கு மாமன் வருவார், எனக்கு வரமாட்டார், காரணம் எங்கம்மாவின் வீம்பு. காது குத்த வேண்டும் என்று நான் அழும்போதெல்லாம் "பாப்போம்" என்பாள். அந்த 'பாப்போம்' வருஷக்கணக்கில் ஓடியது.

நான் என்ன செய்வேன், காதுமடலில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தேன். உச்சி வெயிலில் அது வழுக்கிக் கன்னத்துக்கு வந்ததும், நீங்கள் சிரித்ததும் ஞாபகம் இருக்கட்டும். அதை மறுபடி காதில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா குனிந்து பார்த்தாள்.

"என்னலே இது, மாட்டுக்கு உண்ணி ஏறினமாதிரி?"

அந்த வருஷம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கும்மிக்குப் பேர் கொடுத்தேன். டீச்சர் என் காதைப் பார்த்துவிட்டு, "நீ மாடு மேய்க்கிற பையனா வா" என்று கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் எல்லாரும் தாவணியும் ஜிமிக்கியுமாகக் கும்மியடிக்க, நான் அரைக்கால் டவுசரில் ஓரமாக நின்றேன். எங்கம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டி அடித்தாள் பாருங்கள், தலைமையாசிரியர் எழுந்தே விட்டார். திரும்பி வரும்போது வழியெல்லாம், "டவுசர் உனக்கு எம்புட்டுப் பாந்தமா இருந்துச்சு தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தாள். நான் கேரியரில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்து அழுதேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, நடுவில் வந்தாள்.

"ஏத்தா, பொட்டப்பிள்ளைய இப்பிடியா வச்சிருப்பே? ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயில்ல வச்சுக் குத்திருவோம். உங்க பெரியப்பா மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடட்டா?"

"குத்துறதாக் குத்துங்க மதினி. அவருக்கு ஒண்ணும் சொல்லவேண்டாம்."

"அப்ப மடிக்கு?"

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

என்ன ஏற்பாடு என்று சொல்லவில்லை. அப்பாவைக் கேட்டால், "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் அவர் பேசிய நீளமான வசனமே அதுதான். அத்தைக்கு அந்த 'ஏற்பாட்டில்' நம்பிக்கை இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் பெரிய வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆற்றுமணல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வண்டியாகச் சனம். மஞ்சள் ஈரச்சேலை, வேப்பிலை, சந்தனம் பூசின மொட்டைகள், அடுப்புக்கு அடுப்பு பொங்கல் புகை. மணல் காலைப் பொசுக்கியது. நாங்கள் ஒரு சேலையை நாலு கம்பில் கட்டி நிழல் போட்டிருந்தோம். அம்மா மஞ்சள் சேலைக்கு மேல் அப்பாவின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள், சாமிக்கு முன்னாலும் அதுதான். கையில் ஒரு மஞ்சப்பை. யாரையும் தொடவிடவில்லை.

ஆசாரி வந்து பாயில் சாமான்களைப் பரப்பினார். அப்போதுதான் பெரிய வீட்டு மாமா வந்தார். கரைவேட்டி, முகத்தில் பவுடர், பின்னால் மாமி தாம்பாளத்தைச் சுமந்துகொண்டு. அந்தத் தாம்பாளத்தை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ரோஸ் கலரில் பளபளவென்று ஒரு பாவாடை, ஓரத்தில் ஜரிகை. அதன்மேல் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். சுருட்டி வைத்த ரிப்பன். ஒரு சின்னக் குப்பியில் நகப்பாலிஷ். நடுவில் திறந்தே வைத்த டப்பியில் சிவப்புக்கல் ஜிமிக்கி. லேபிளில் நான் கத்தரித்த அதே குடை ஜிமிக்கி, ஆனால் நிஜமானது, வெயில் பட்டுக் கண்ணைக் கூசியது.

மாமா நேரே வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வா மருமகளே" என்று தொடையைத் தட்டினார்.

நான் போனேன். வேறென்ன செய்வேன். ரெண்டு எட்டு வைத்திருப்பேன், பின்னாலிருந்து அம்மா என் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணே, எந்திரி."

"என்ன தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா..."

"எங்கய்யாவுக்குக் கொள்ளி வைக்க ஆம்பள வேணும்னு உன்னையக் கூப்பிட்டாக. வச்சே. நான் ஒண்ணும் சொல்லல. இங்கன அய்யாவுக்கு மகன் நான் இருக்கேன். எந்திரி."

அடுப்படிகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வாயில் முந்தியை அடைத்துக்கொண்டாள். மாமா எழுந்ததும் அம்மா சேலையைத் தார்ப்பாய்ச்சிச் செருகினாள். அப்பா தோளில் கிடந்த துண்டை உருவித் தலையில் உருமால் கட்டினாள். அதே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தாய்மாமன் நான்தான். குத்துங்க ஆசாரி."

சுற்றிலும் சிரிப்பு. ஆசாரி அப்பாவைப் பார்த்தார், அப்பா ஆற்றைப் பார்த்தார். "எந்த மடியா இருந்தா என்னம்மா, பிள்ளை ஆடாம இருந்தாச் சரி" என்று ஆசாரி ஊசியை எடுத்தார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுதிக் காட்ட முடியாது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு சாதாரணக் காதுகுத்து. எல்லாருக்கும் நடப்பது. பட்டுக்கரை வேட்டி கட்டின மாமன், ஒரு தட்டு, ஒரு ஜிமிக்கி. அதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொடப்போகிற நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்து, சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே என்றிருந்தது. அவள் மடி பலகை மாதிரி இருந்தது. சட்டையில் மருந்து வாசனை அடித்தது. இரும்புப்பிடியாக என்னைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். மாமா மாமியிடம் ஏதோ சொன்னார். மாமி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தாள். பாவாடையின் ஜரிகை ஓரம் தட்டுக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டே போனது. அத்தை கெஞ்சியபடியே பின்னால் ஓடினாள். ஊசி இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை.

"வலிக்குதாலே?" என்று அம்மா கேட்டாள்.

நான் தாம்பாளம் போன பக்கமே பார்த்தேன். அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தாள்.

பிறகு மஞ்சப்பையைப் பிரித்தாள். அதுதான் மாமன் சீர். நீலக் கலரில் ஒரு பருத்திப் பாவாடை, பூவுமில்லை, கரையுமில்லை. ஒரு சைக்கிள் மணி. காதுக்கு மொழுமொழுவென்று ரெண்டு வளையம்.

"ரெண்டு பக்கமும் பை வச்சிருக்கு பாரு. டெய்லர்ட்ட நின்னு தச்சு வாங்குனேன். கைய விட்டுப் பாரு. வளையம் எதுலயும் மாட்டாது, அம்புட்டு வழுவழுப்பு."

நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பாவாடையை ஒருநாளும் ஆசையாகக் கட்டினதும் இல்லை. சைக்கிள் மணி எங்கே போனதோ. அந்தச் சிவப்புக்கல் ஜிமிக்கியை அடுத்த பொங்கலுக்கு மாமாவின் மகள் போட்டுக்கொண்டு வந்தாள், நானும் பார்த்தேன். திங்கட்கிழமை வளையத்தோடு பள்ளிக்கூடம் வந்தேன். நீங்கள் 'மூளி' என்பதை விட்டுவிட்டு அன்றிலிருந்து 'கடுக்கன்' என்றீர்கள்.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் நான் முதலில் வாங்கியது ஜிமிக்கிதான். அதற்குப்பிறகு வாங்கினவற்றை எல்லாம் வைக்க ஒரு பெட்டி போதாது. கல்யாணத்துக்கு வந்த உங்களுக்குத் தெரியும், காதில் எவ்வளவு தொங்கியது என்று. ஆனாலும் அந்த ரோஸ் பாவாடை ஆடிக்கொண்டு போனது மனசைவிட்டுப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டதும் இல்லை. கேட்டால் 'கம்பெனி ரூல்' என்பாள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என் மகளுக்குக் காதுகுத்து வந்தபோது மாமியார் வீட்டில் நாசூக்காகக் கேட்டார்கள், "மடிக்கு யாரு வாராக?" நான் பதில் சொல்வதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அம்மா. நரைத்த கிராப்பு, வெள்ளைச் சட்டை, தோளில் புதுத்துண்டு. யாரும் சொல்லாமலே உள்ளே வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேரியரில் கட்டிக் கொண்டுவந்த தாம்பாளத்தை எதிரே வைத்து மேல்துணியை எடுத்தாள்.

ரோஸ் கலரில் பளபளவென்று ஒரு பாவாடை, ஜரிகை ஓரம். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். ரிப்பன். நகப்பாலிஷ். டப்பியில் சிவப்புக்கல் ஜிமிக்கி. ஒன்று விடவில்லை. ஒரு வயசுப் பிள்ளைக்கு அந்த ஜிமிக்கியைப் போட்டால் காதே அறுந்துவிடும்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அங்கன பாத்தேன்ல. உங்க மாமன் தட்டுல."

"பாத்தியா? பாத்துமா எனக்கு வாங்கித் தரல?"

"நீ கேக்கலையே."

"கேட்டேன். விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கேட்டேன்."

"அம்மாட்ட கேட்டே. அம்மா தரல, சரி. அன்னைக்கு அங்கன மாமனா உக்காந்திருந்தேன். மாமன்ட்ட என்ன கேட்டே? என் மடியில உக்காந்துக்கிட்டு அவன் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தே."

கோபமாகச் சொல்லவில்லை. துண்டை உதறி உருமால் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். இத்தனை வருஷமாக நான் ஒரு குறையை மனசில் வைத்திருந்ததைப் போல அவளும் ஒன்றை வைத்திருந்திருக்கிறாள். பத்து வயசுப் பிள்ளை வேறு எங்கே பார்க்கும் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவள், "சரி, பிள்ளையக் குடு, ஆசாரி காத்துக்கிட்டு இருக்காக" என்றாள்.

கொடுத்தேன். அந்த இரும்புப்பிடி இன்னும் அப்படியே இருந்தது. ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். வாயில் வெல்லத்தை வைத்தும் அடங்கவில்லை. அழுதுகொண்டே தட்டைத்தான் பார்த்தாள். அது அவள் மாமனுடைய தட்டு, யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.